பதில்: எட்டாம் வகுப்புப் பயணத் திட்டம் — பெரு

தென் அமெரிக்க நாடான பெருவைப் பற்றி எழுதச் சொன்னால், உங்கள் வகுப்புப் பிள்ளைகள் படம் ஒட்டி ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் மாச்சு பிச்சு (மலைமேல் உள்ள பழைய இன்கா நகரம்) படத்தை ஒட்டிவிட்டு "அழகான இடம்" என்று எழுதி முடிப்பதற்குக் காரணம், தலைப்பில் தீர்க்க வேண்டிய சிக்கலே இல்லாததுதான். "பெருவைப் பற்றி எழுதுக" என்பதை விட்டுவிட்டு, "ஜூன் 20 லிமாவில் இறங்கி, 24 அன்று குஸ்கோவில் இந்தி ராய்மி சூரிய விழா பார்க்க வேண்டும், பெட்டி 10 கிலோ" என்று கொடுத்து, பயணத் திட்டம் போடச் சொல்லுங்கள்.

மூன்று பேருக்கு ஒரு அட்லஸ் போதும். முதலில் தலைநகர் லிமாவின் அட்சரேகையைப் பார்க்கச் சொல்லுங்கள்: 12° தெற்கு. சென்னை 13° வடக்கு. இரண்டும் கடலோரம், ஆனால் லிமாவில் மழை அரிது. ஏன்? அந்தக் கரையை ஒட்டி ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் கடல் நீரோட்டம். இந்த ஒரு கேள்விக்கே ஒரு பாடவேளை தாராளமாகப் போகும், போகட்டும்.

பெரும்பாலோர் ஜூன் என்றதும் பருத்திச் சட்டையை எழுதுவார்கள். அங்கே அது குளிர்காலம். 3,400 மீட்டர் உயரக் குஸ்கோவில் இரவு உறைநிலையை ஒட்டும். இறங்கிய அன்றே மலையேற்றம் போட்டால் மதிப்பெண் குறையுங்கள்: உயரம் பழக ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். மாச்சு பிச்சு குஸ்கோவைவிடத் தாழ்வு, சுமார் 2,430 மீட்டர். இதைத் தாங்களாகக் கண்டுபிடிக்கும் குழு வரிசையை மாற்றி, தாழ்வான இடத்தை முதலில் போடும்.

நேர வித்தியாசம் பத்தரை மணி. வீட்டுக்கு எப்போது போன் செய்வது என்றும் கேளுங்கள்.