அந்த மண் அங்கேயே இருக்கட்டும்

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். என் மகனுக்கு 13 வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் பேஸ்பால் அணி என்றால் அவனுக்கு உயிர். அந்த அணி ஊரைவிட்டே போய்விட்டது; இப்போது சாக்ரமெண்டோவில் ஆடுகிறது. கடைசி ஆட்டத்தன்று மைதானத்து மண்ணை ஒரு காகிதக் கப்பில் வாங்கிவந்து, பூஜை அலமாரியில் வைத்திருக்கிறான். அணியின் தொப்பியைத் தொடுவதில்லை. ஆனால் ராத்திரி போர்வைக்குள் அதே அணியின் ஸ்கோரைப் பார்க்கிறான். "வியாபாரம் ஓடாத கடையை இடம் மாற்றத்தான் செய்வார்கள். சாக்ரமெண்டோவுக்குக் கூட்டிப்போகிறேன், இல்லையென்றால் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜயண்ட்ஸ் அணிக்கு மாறிக்கொள்" என்கிறார் கணவர். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருக்கும் மாமியார், "செருப்புக் கால் பட்ட மண்ணை சாமி பக்கத்திலா வைப்பது?" என்று எடுத்துப்போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, கப் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் வீட்டுக்காரரின் கடைக் கணக்கு.

அவர் சொல்வதில் பாதி உண்மை. அணி ஆடிய ஓக்லண்ட் கொலீசியம் 1966-ல் திறந்த ஸ்டேடியம். வீரர்களின் அறைக்குள் சாக்கடை பொங்கிய நாட்கள் உண்டு. புதிதாகக் கட்ட நகரத்துக்குத் தெம்பில்லை. ரெய்டர்ஸ் என்ற அமெரிக்க ஃபுட்பால் அணியை 1995-ல் திரும்ப அழைக்க, கடன் வாங்கி இதே ஸ்டேடியத்தை விரித்துக் கட்டினார்கள். 2020-ல் ரெய்டர்ஸ் லாஸ் வேகஸுக்குப் போன பிறகும் அந்தக் கடன் ஊர் தலையில்தான் இருந்தது. சூடு கண்ட பூனை. துறைமுகத்தின் பக்கம் புது ஸ்டேடியம் கட்டும் பேச்சு வருடக்கணக்கில் இழுத்து 2023 ஏப்ரலில் முறிந்தது.

ஆனால் கடை என்றால், ஒருவர் காலி செய்த இடத்தில் இன்னொருவர் கடை போடலாம். இங்கே அது முடியாது. பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் மொத்தம் 30 அணிகள். எந்த ஊரில் எது ஆடலாம் என்று அவற்றின் முதலாளிகளே கூடி முடிவு செய்கிறார்கள். வியாபாரத்தில் ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922-ல் சொன்னது இன்றுவரை நிற்கிறது. இதே அத்லெடிக்ஸ், பக்கத்திலிருக்கும் சான் ஹோசேக்குப் போகப் பார்த்தது. அந்த வட்டாரம் ஜயண்ட்ஸுக்குச் சொந்தம் என்று லீக் விடவில்லை. சான் ஹோசே நகராட்சி வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது; 2015-ல் அதுவும் கைவிரித்துவிட்டது. பக்கத்து ஊருக்குப் போக வழியில்லை. மாநிலம் தாண்டி லாஸ் வேகஸுக்குப் போக, 2023 நவம்பரில் 30 பேரும் கை தூக்கினார்கள். நெவாடா அரசு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தர ஒத்துக்கொண்டிருந்தது. எந்த மளிகைக் கடைக்கு இப்படி நடக்கும்?

கூட்டம் வரவில்லை என்பதும் முழுக் கதை இல்லை. 2019-ல் அணி 97 ஆட்டம் ஜெயித்தது. 16 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 2022 சீசன் தொடங்கும் முன்னே மேட் ஆல்சன், மேட் சாப்மன் என்று உங்கள் பையன் பெயர் சொல்லிக் கத்திய ஆட்டக்காரர்களை வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் வந்தவர்கள் 8 லட்சத்துக்கும் குறைவு. அடுத்த வருஷம் 112 தோல்வி. அந்த மோசமான 2023-லும், ஜூன் 13, ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, "அணியை வித்துட்டுப் போ" என்று முதலாளியிடம் சொல்வதற்காகவே 27,759 பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். பச்சைச் சட்டையில் ஒரே சொல்: விற்றுவிடு. 2024 செப்டம்பர் 26, கடைசி ஆட்டத்துக்கு 46,889 பேர். உங்கள் பையன் அவர்களில் ஒருவன். இவர்களையா வராத கூட்டம் என்பது?

நான் சில காலம் அந்தப் பக்கம் இருந்தவள். பார்ட் ரயிலை விட்டு இறங்கி, ஸ்டேடியத்துக்குப் போகிற அந்த நீளமான நடைபாலத்தில் வறுத்த கடலை விற்பவர்களுக்கு நடுவே நடக்கும்போதே, உள்ளே மேளச் சத்தம் கேட்கத் தொடங்கும். ஆட்டம் புரியாத எனக்கே கால் வேகமெடுக்கும். அதில் வளர்ந்த பிள்ளையிடம் 'அணியை மாற்றிக்கொள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் சாக்ரமெண்டோவுக்கு வற்புறுத்த வேண்டாம். 14,000 பேர் மட்டும் உட்காரும் சின்ன ஸ்டேடியத்தில், ஊர்ப்பெயரே இல்லாமல் வெறும் 'அத்லெடிக்ஸ்' என்று ஆடுகிறார்கள். 2028-ல் வேகஸ் போகும்வரை ஒண்டுக்குடித்தனம். அவனாகக் கேட்டால் கூட்டிப்போங்கள். போர்வைக்குள் ஸ்கோர் பார்ப்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். அவனுக்குக் கோபம் முதலாளி மேல். அணியின் இளம் ஆட்டக்காரர் நிக் கர்ட்ஸ் 2025-ல் ஒரே ஆட்டத்தில் நாலு ஹோம் ரன் அடித்தால் பார்க்காமல் எப்படி இருப்பான்?

ஒரு விஷயத்தை மட்டும் அவனுக்குச் சொல்லுங்கள், கசந்தாலும். இந்த அணி ஓக்லண்டில் பிறந்ததல்ல. 1901-ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கி, 1955-ல் கான்சாஸ் சிட்டிக்குப் போய், 1968-ல்தான் இங்கே வந்தது. அவனைப் போல ஒரு பையன் அன்றைக்குக் கான்சாஸ் சிட்டியிலும் தொப்பியைக் கழற்றி வைத்திருப்பான். அப்பா மாறச் சொல்லும் ஜயண்ட்ஸும் 1957 வரை நியூயார்க் அணிதான். தான் மட்டும் தனியாக ஏமாந்துவிடவில்லை என்பது 13 வயதில் தெரியவேண்டிய சங்கதி.

ஓக்லண்ட் ரசிகர்கள் கைகட்டி உட்காரவில்லை என்பதையும் சொல்லுங்கள். பாலர்ஸ் என்று ஒரு சின்ன லீக் அணியை, ரசிகர்களின் முதலீட்டையும் சேர்த்து உருவாக்கினார்கள். மேற்கு ஓக்லண்டில் ரைமண்டி பார்க்கில் ஆடுகிறார்கள். 2025-ல் தங்கள் லீக்கில் சாம்பியன். ஒரு சனிக்கிழமை அப்பாவும் பிள்ளையும் போய்வரட்டும். 'உனக்குப் புது அணி' என்று சொல்லிக் கூட்டிப்போக வேண்டாம், சும்மா ஆட்டம் பார்க்க.

இனி மண். உங்கள் மாமியாரிடமே கேளுங்கள், பிடிமண் என்றால் என்ன என்று. பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து கொண்டுபோய், போன இடத்தில் வைத்துக் கோயில் எழுப்பியதெல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து மாமியாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசி ஆட்டம் முடிந்ததும் மைதானப் பணியாளர்கள் குனிந்து மண்ணை அள்ளிக் கப்பில் போட்டுக் கொடுத்தார்கள். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று உங்கள் பிள்ளை கை நீட்டி வாங்கினான். அவனுக்கு யாரும் பிடிமண் கதை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் கதையை அவன் ஆச்சி வாயால் கேட்கட்டும். பிறகு அது சாமி பக்கத்தில் இருக்கலாமா என்று அவரே சொல்வார்.

காகிதக் கப் அதிக நாள் தாங்காது. மூடி போட்ட சின்னப் பித்தளைச் செம்பு ஒன்று எடுத்துக் கொடுங்கள். மண்ணை மாற்றுவது அவன் கையாலேயே நடக்கட்டும்.