அச்சு நின்றுபோனதற்குப் புதிய நோட் பதிப்பா காரணம்? பழையதற்குத் திரும்பலாமா?

சம்மாந்துறையில் நெல் கொள்வனவு செய்து அரிசி ஆலை நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. ஆலையின் கணக்கு நிரலை அவருடைய மருமகன் 2023இல் நோட் (Node.js, ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரல்களைக் கணினியில் இயக்கும் மென்பொருள்) 18.16 பதிப்பில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். அண்மையில் அயலிலுள்ள இளைஞர் ஒருவர் கணக்கறைக் கணினியில் நோட் 22ஐ ஏற்றினார். அன்றிலிருந்து நிறைத்துண்டு அச்சாவதில்லை. திரையில் ‘ஸ்பான் ஈஇன்வேல்’ என்று ஒரு பிழை வருகிறது. தரவுத்தளமும் திறப்பதில்லை, அதன் பிழைச் செய்தியில் 108, 127 என இரண்டு இலக்கங்கள் இருக்கின்றன. தராசு மேசையிலுள்ள பழைய கணினியில் 24ஆம் பதிப்பை ஏற்றவே முடியவில்லை. ‘பேசாமல் பழைய பதிப்புக்கே போய்விடலாமா? புதியதில் எங்களுக்கு என்னதான் கிடைக்கிறது?’ என்பது அவருடைய கேள்வி.

பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று கோளாறுகள். ஒரே வாரத்தில் வந்தபடியால் மூன்றுக்கும் 22ஆம் பதிப்பே காரணம் என்று தோன்றுகிறது. அவற்றுள் நிரலைத் திருத்த வேண்டியது ஒன்றுக்கு மட்டும்தான். அது 22ஆம் பதிப்போடு வந்த கோளாறே அல்ல என்பதுதான் வேடிக்கை.

அச்சுப் பிழையை முதலில் பார்ப்போம். உங்கள் நிரல் நிறைத்துண்டை அச்சிட ‘.பேட்’ என்று முடியும் ஒரு கோப்பை இயக்குகிறது. வாடிக்கையாளரின் பெயர், மூடைகளின் எண்ணிக்கை, நிறை ஆகியவற்றை அந்தக் கோப்புக்கு உள்ளீடாகக் கொடுக்கிறது. விண்டோஸில் பேட் கோப்பைத் தனி நிரல்போல நேரடியாக இயக்க முடியாது. நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பின்னணியில் கட்டளைச் சாளரமான சிஎம்டிதான் அதை வாசித்து இயக்குகிறது. அந்தச் சிஎம்டிக்குச் சில குறிகள் தனிப் பொருள் உடையவை. எடுத்துக்காட்டாக, ‘&’ என்ற குறியைக் கண்டால் ஒரு கட்டளை அங்கே முடிந்து அடுத்த கட்டளை தொடங்குகிறது என்று அது எடுத்துக்கொள்ளும். கல்முனைக் கடைத்தெருவில் ‘& சன்ஸ்’ என்று முடியும் பெயர்ப்பலகைகள் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படியொரு பெயரை உங்கள் கணக்கர் தட்டச்சு செய்து அது சரியான காப்பில்லாமல் சிஎம்டியிடம் போய்ச் சேர்ந்தால், ‘சன்ஸ்’ என்பது இயக்க வேண்டிய ஒரு கட்டளையாகிவிடும். அப்படி ஒரு கட்டளை இல்லாதவரை ஒரு பிழைச் செய்தியோடு போகும். தீய எண்ணமுள்ளவர் அந்த இடத்தில் கோப்புகளை அழிக்கும் கட்டளையை எழுதினால் அதுவும் இயங்கும்.

இந்த ஓட்டை 2024 ஏப்ரலில் அடைக்கப்பட்டது. நோட்டில் மட்டும் இருந்த ஓட்டையும் அல்ல. ரஸ்ட் என்ற நிரல் மொழியும் அதே நாட்களில் இதே காரணத்துக்காகத் திருத்தம் வெளியிட்டது. நோட் செய்த திருத்தம் கடுமையானது: விண்டோஸில் ‘.பேட்’ அல்லது ‘.சிஎம்டி’ கோப்பொன்றை, ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல், விண்டோஸில் சிஎம்டி) வழியாக இயக்குகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் ஸ்பான் செய்தால், அதாவது நோட்டின் ‘ஸ்பான்’ கட்டளையால் இயக்க முயன்றால், கோப்பைத் தொடாமலே ‘ஈஇன்வேல்’, அதாவது செல்லாத உள்ளீடு, என்று மறுத்துவிடும். நோட்டுக்கான பொதிகளை (பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளை) நிறுவும் என்பிஎம் கருவியே விண்டோஸில் ஒரு சிஎம்டி கோப்பு வழியாக இயங்குவதால் அன்று தடுமாறிய நிரல்கள் பல. உங்கள் கேள்விக்கு முக்கியமானது என்னவென்றால், இந்தத் திருத்தம் 18.20.2, 20.12.2, 21.7.3 ஆகிய பதிப்புகளில் ஒன்றாக வெளிவந்தது. ஆகவே 18ஆம் வரிசையிலேயே நீங்கள் ஒழுங்காகப் புதுப்பித்து வந்திருந்தாலும் அச்சு அன்றே நின்றிருக்கும். மீண்டும் அச்சடிக்க வேண்டுமென்று 18.16க்குத் திரும்புவது, பூட்டுப் போட்ட கதவைப் பூட்டுக்கு முந்திய காலத்துக்குக் கொண்டுபோவது மாதிரி.

இணையத்தில் தேடினால் இதற்கு ஒருவரித் தீர்வு கிடைக்கும்: ஷெல் என்ற விருப்பத்தை ‘ட்ரூ’ என்று வையுங்கள் என்பார்கள். அப்படி வைத்தால் அச்சு உடனே வரும். ஓட்டையும் கூடவே திறந்துகொள்ளும், ஏனென்றால் வாடிக்கையாளரின் பெயர் மறுபடியும் காப்பின்றிச் சிஎம்டியிடம்தான் போகிறது. ஷெல்லையும் உள்ளீட்டுப் பட்டியலையும் சேர்த்துக் கொடுப்பதை நோட் 24 எச்சரிக்கைச் செய்தி காட்டியே கண்டிக்கிறது. ஆகவே அந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதற்குப் பதிலாக அந்தப் பேட் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் உள்ளே ஒன்றிரண்டு வரிகளே இருக்கும். அந்த வரி ‘.எக்ஸி’ கோப்பொன்றை அழைக்கிறது என்றால் இடையில் பேட் கோப்பே தேவையில்லை. ஸ்பானைக் கொண்டு அந்த எக்ஸியை நேரடியாக அழைக்கலாம், அப்போது உள்ளீடுகள் சிஎம்டி வழியாகப் போவதில்லை. நான் பார்த்த கடை நிரல்களில் வேறொரு பழக்கமும் உண்டு: பகிரப்பட்ட தேர்மல் பிரிண்டருக்கு ‘காப்பி’ கட்டளையால் கோப்பொன்றை அனுப்புவது. ‘காப்பி’ என்பது தனி எக்ஸி அல்ல, சிஎம்டியின் உள்ளேயே இருக்கும் கட்டளை. ஆகவே அதை நேரடியாக ஸ்பான் செய்ய முடியாது. உங்களுடையது இந்த வகை என்றால், துண்டின் முழு உள்ளடக்கத்தையும் நோட் முதலில் நிலையான பெயருள்ள ஓர் உரைக் கோப்பில் எழுதட்டும். பேட் கோப்பு எந்த உள்ளீடும் வாங்காமல் அந்தக் கோப்பை மட்டும் பிரிண்டருக்கு அனுப்பட்டும். அப்போது ஷெல்லை ‘ட்ரூ’ என்று வைப்பதில் ஆபத்தில்லை, வெளியிலிருந்து வந்த எழுத்து ஒன்றுகூடக் கட்டளை வரிக்குள் போவதில்லை. இரண்டு விடயங்களில் மட்டும் கவனம் வேண்டும். பேட் கோப்பின் பாதையில் இடைவெளி இருந்தால் அதை மேற்கோள் குறிகளுக்குள் வைக்க வேண்டும். ஒரு துண்டு அச்சாகி முடிவதற்குள் அடுத்தது எழுதப்படாதபடி அவற்றை வரிசையாக்கவும் வேண்டும். இல்லையென்றால் அறுவடை நெரிசலில் ஒரு போடியாரின் நிறை இன்னொருவரின் துண்டில் வந்துவிடும்.

இரண்டாவது கோளாறு பார்ப்பதற்குத்தான் பயங்கரம். தரவுத்தளத்தைத் திறக்கும் பெட்டர் எஸ்க்யூலைட்3 என்ற பொதியின் ஒரு பகுதி சி மொழிகளில் எழுதப்பட்டு, குறிப்பிட்ட ஒரு நோட் பதிப்புக்கென்றே தொகுக்கப்பட்டது. ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் ஓர் இலக்கம் உண்டு: நோட் 18க்கு 108, 20க்கு 115, 22க்கு 127, 24க்கு 137. உங்கள் செய்தி சொல்வதெல்லாம், 108க்காகத் தொகுத்ததை 127இல் ஏற்ற முடியாது என்பதுதான். தரவு எதுவும் கெடவில்லை. நிரல் இருக்கும் கோப்புறையில் மீளத் தொகுக்கும் ‘என்பிஎம் ரீபில்ட்’ கட்டளையை இணைய இணைப்போடு முதலில் இயக்கிப் பாருங்கள். 2023இல் நிறுவிய பொதி 22ஆம் பதிப்பை அறிந்திராது என்பதால், அது தானே தொகுக்க முயன்று பைத்தன், விஷுவல் ஸ்டூடியோ கருவிகள் இல்லை என்று புலம்பினால், பொதியின் புதிய பதிப்பை நிறுவுங்கள். புதியதற்கு ஆயத்தமாகத் தொகுத்த கோப்பு இறங்கிவிடும்.

இதற்கெல்லாம் முன்பு தரவுத்தளத்தைப் பிரதி எடுங்கள். நிரலை நிறுத்திய பிறகே எடுங்கள். எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பின் பக்கத்தில் ‘-வால்’ என்று முடியும் இன்னொரு கோப்பு இருந்தால் அதையும் சேர்த்தே எடுங்கள். கடைசியாகப் பதிந்த கொள்வனவுகள் பிரதானக் கோப்புக்கு இன்னும் போகாமல் அதற்குள் இருக்கக்கூடும். பிரதானக் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துவிட்டு, மீளப்போட்ட பின் அரை நாள் கணக்கைக் காணவில்லை என்று தேடியவர்களை மட்டக்களப்பில் நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கோளாறுக்குத் திருத்தம் இல்லை, தெரிவுதான் உண்டு. தராசு மேசைக் கணினியில் இருப்பது 32 பிட் விண்டோஸ் 10 என்று எழுதியிருக்கிறீர்கள். 32 பிட் விண்டோஸுக்கான ஆயத்தப் பதிப்பை வெளியிடுவதை நோட் 23ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. ஆகவே அந்தக் கணினி ஏற்றுக்கொள்ளும் கடைசி வரிசை 22தான். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்ட்டின் வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதால் அதை எப்படியும் ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். அதுவரை இரண்டு கணினிகளிலும் 22ஐயே வைத்திருங்கள். ஒன்றில் 22, மற்றதில் 24 என்று வைத்தால், ஒன்றில் சரிபார்த்தது மற்றதில் ஓடும் என்பதற்கு உறுதி இல்லாமல் போய்விடும்.

22 போதுமா என்றால், இப்போதைக்குப் போதும். 18, 20, 22, 24 என இரட்டைப்படை எண்ணுள்ள இந்தப் பதிப்புகளுக்குத்தான் நீண்டகால ஆதரவு. 19, 21, 23 போன்றவை சில மாதங்களுக்கு மட்டும். உங்கள் 18க்கான ஆதரவு 2025 ஏப்ரல் 30இல் முடிந்தது. அதன் கடைசி வெளியீடு 18.20.8. 20க்கு 2026 ஏப்ரல் 30, 22க்கு 2027 ஏப்ரல் 30, 24க்கு 2028 ஏப்ரல் 30 என்பவை எல்லைகள். எல்லை கடந்த பதிப்பு மறுநாள் ஓடாமல் போகாது. ஆனால் அதன் பின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைத்துத் தருவதில்லை.

இனி, என்ன கிடைக்கிறது என்ற கேள்வி. புதிய வசதிகளுக்காக மட்டும் ஓர் ஆலையின் கணக்கு நிரலில் கைவைக்க நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் மாறிவிட்டீர்கள் என்றால் பயன்படுத்திக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றின் சிறப்பு, வெளிப்பொதிகளைக் குறைப்பதில் இருக்கிறது. உங்கள் மருமகனின் பொதிப் பட்டியலில் டாட்என்வ், நோட்மொன், நோட் ஃபெட்ச் மூன்றும் இருக்கின்றன. கடவுச்சொற்களும் பிரிண்டர் பெயரும் இருக்கும் என்வ் கோப்பை வாசிக்க 20.6இலிருந்து நோட்டிலேயே வழி உண்டு. கோப்பு மாறும்போது நிரலைத் தானாக மறுதொடக்கம் செய்யும் ‘வாட்ச்’ 22இல் நிலைபெற்ற வசதி. இணையத்திலிருந்து தரவு பெற உதவும் ‘ஃபெட்ச்’ 18இல் சோதனை நிலையில் இருந்து 21இல் நிலைபெற்றது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் போன்ற மிகப் பரவலான என்பிஎம் பொதிகளின் வெளியீடுகளுக்குள் களவு நிரல் புகுத்தப்பட்டதை நினைத்தால், மூன்று பொதிகள் குறைவதும் சின்ன விடயமில்லை. மொழியிலும் சில சேர்ந்திருக்கின்றன: ‘ஆப்ஜெக்ட் குரூப்பை’ இருப்பதால், அன்றைய கொள்வனவை நாடு, சம்பா, கீரிச்சம்பா என்று பிரித்துக் கூட்டுவதற்கு மருமகன் எழுதிய இருபது வரிச் சுழற்சி நாலைந்து வரியாகிவிடும். எஸ்க்யூலைட்டே நோட்டுக்குள் வந்துவிட்டது; 22.13இலிருந்து அதைப் பயன்படுத்த, நிரலை இயக்கும்போது தனி விருப்பச் சொல் எதுவும் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் 22ஆம் வரிசையில் அது சோதனை நிலையிலிருக்கும் வசதி என்பதால், பணக்கணக்கை அதற்கு இப்போது மாற்றாதீர்கள்.

இன்னும் தட்டுப்படாத ஒரு தடையையும் சொல்லிவிடுகிறேன். ஜேசான் (தரவை உரையாக எழுதும் ஒரு வடிவம்) அமைப்புக் கோப்பை இறக்குமதி செய்யும் வரியில் ‘அசர்ட்’ என்ற சொல் இருந்தால், நோட் 22 அதை இலக்கணப் பிழை என்று ஒதுக்கிவிடும். அந்த இடத்தில் ‘வித்’ என்று எழுத வேண்டும். உங்கள் தினசரி அறிக்கைப் பகுதி இன்னும் இயக்கப்படாததால் இது வெளிப்படாமல் இருக்கலாம்.

வேலையை எந்த வரிசையில் செய்வது? விண்டோஸுக்கான என்விஎம் கருவியை நிறுவினால் ஒரே கணினியில் பல நோட் பதிப்புகளை வைத்து மாற்றிக்கொள்ளலாம். கணக்கறைக் கணினியில் முதலில் 18.20.8ஐத் தெரிவுசெய்யுங்கள். அதில் இலக்கம் 108தான் என்பதால், 22க்காக ரீபில்ட் செய்யாத பழைய கோப்புறையில் தரவுத்தளம் தொல்லை தராது. அச்சுக் கோளாறு மட்டும் தனியாக நிற்கும். அதைத் திருத்தி, பெயரில் ‘&’ குறியுள்ள ஒரு போலி வாடிக்கையாளருக்குத் துண்டு எடுத்துப் பாருங்கள். ‘வித்’ என்ற மாற்றத்தையும் அங்கேயே செய்யலாம், 18.20 அதை ஏற்கும். இரண்டும் சரியான பிறகு 22க்கு மாறி ரீபில்ட் செய்யுங்கள். ஒரு முழு நாளின் கொள்வனவைப் பிரதித் தரவுத்தளத்தில் பதிந்து, கூட்டுத்தொகையைக் கைக்கணக்கோடு ஒப்பிட்ட பின் தராசு மேசைக்குப் போங்கள். பெரும்போக நெல் உழவு இயந்திரங்களில் வாசல்வரை வரிசை கட்டி நிற்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இதைத் தொடவே வேண்டாம். சிறுபோகம் வயலில் நிற்கும் மே, ஜூன் வசதியான காலம். பேட் கோப்பின் உள்ளடக்கத்தையும் ஸ்பான் வரும் வரியையும் படமெடுத்து மருமகனுக்கு அனுப்பினால், அச்சுத் திருத்தம் அவருக்கு ஒரு மாலை வேலை.