ஒட்டுச்சொல் புதிரை அவிழ்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் வாசகசாலைப் புதிரில், ‘பாலக்காடு மாவட்டத்து அணையிலிருந்து கோவைக்குக் குடிநீர் தரும் ஆறும், பாலாற்றங்கரைத் தோல்தொழில் நகரும் ஒட்டி நிற்கின்றன, கட்டங்கள் 8’ என்று கேட்டிருந்தார்கள். இரு விடைகளும் தெரிந்தும் கட்டத்தில் அடங்கவில்லையே?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஒட்டுச்சொல் புதிரில் முதல் விடையின் கடைசி எழுத்துகளே அடுத்த விடையின் முதல் எழுத்துகளாகவும் இருக்கும். சிறுவாணிக்கு 4 எழுத்து, வாணியம்பாடிக்கு 6, கூடினால் 10. கட்டமோ 8 என்பதால், இரண்டு எழுத்துகள் இருவருக்கும் பொது என்பது கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. ‘வாணி’யை ஒருமுறை மட்டும் எழுதுங்கள்: சிறுவாணியம்பாடி. அந்தாதியில் முடிந்த சொல்லை மீண்டும் சொல்லித் தொடங்குவோம். இங்கே மீண்டும் சொல்லாமல் விழுங்கிவிடுகிறோம், அவ்வளவே வேறுபாடு.

முதல் விடை மட்டும் தெரிந்தால், அதன் முன்னெழுத்துகளை ஒவ்வொன்றாக உதிர்த்து, எஞ்சும் துண்டில் வேறொரு பெயர் தொடங்குகிறதா என்று பாருங்கள். தமிழில் எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை என்பதால், முதல் விடை மெய்யில் முடிந்தால் பொதுப்பகுதி குறைந்தது இரண்டு எழுத்தாக இருந்தே தீரும். இந்த விதி பாதித் தேடலை மிச்சப்படுத்தும். பின்னால் வரும் விடைதான் தெரியும் என்றால் வேலையைத் திருப்பிப் போட்டு, அதன் முதல் ஓரிரு எழுத்துகளில் முடியும் பெயர்களைத் தேட வேண்டும். எனக்கு இது எப்போதும் கடினமாகவே இருக்கிறது.

உங்கள் பக்கத்துச் சித்தூரைக் கேட்டால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருப்பதால், ஒரே சொல்லை இரண்டு குறிப்புகளுக்கும் விடையாக்கி, முழுச்சொல்லையுமே ஒட்டாக வைக்கும் குறும்பர்கள் உண்டு.