கைடு சொன்ன கதை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆவடியிலிருந்து ஒரு வேன் சுற்றுலாவில் ஆந்திரப் பக்கம் போயிருந்தேன். சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், குடிமல்லம், காளஹஸ்தி என்று ஒரே நாளில் நாலு கோயில். குடிமல்லம் லிங்கத்தைப் பார்ப்பது என் பல வருட ஆசை. அங்கே போனதும் கைடு பரசுராமர், யட்சன், பதினான்கு வருடச் சண்டை என்று ஒரு கதையைச் சொல்லி, "ஐயாயிரம் வருடப் பழசும்மா" என்று முடித்துவிட்டார். காலம், சிற்ப பாணி பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா பரவசமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர்களுக்கெல்லாம் ஒரு தேர்வு வைத்து, தொல்லியல் துறை எழுதிக் கொடுத்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று ஆக்கினால் என்ன? இல்லை, புத்தகத்தைப் படித்துவிட்டுக் கைடே இல்லாமல் போவதுதான் நல்லதா? நீங்கள் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் கேட்கிறேன்.

வி., ஆவடி

அன்புள்ள வி.,

உங்கள் எரிச்சலில் பாதியை வேன் ஏற்பாடு செய்தவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஆவடியில் கிளம்பி இந்த நாலு கோயிலையும் பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டுமென்றால், காளஹஸ்தி வரிசைக்குப் போக மிச்சம் என்ன இருக்கும்? குடிமல்லத்தில் அரை மணி கிடைத்திருந்தாலே பெரிய விஷயம். அந்த அரை மணியில் வேனில் இருக்கிற எல்லோருக்கும் பிடித்த மாதிரி எதைச் சொல்ல முடியுமோ அதைத்தான் மனிதர் சொல்லியிருக்கிறார்.

ஐயாயிரம் வருடத்தை விட்டுத்தள்ளுங்கள். ஆய்வாளர்கள் பலரும் அந்த லிங்கத்தைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கும் 1ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வைக்கிறார்கள்; இன்னும் பின்னால் கொண்டுவருகிறவர்களும் உண்டு. இன்றும் பூசை நடக்கிற லிங்கங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்று சொன்னாலே போதும், அதற்குமேல் பெருமை வேண்டியதில்லை. ஆனால் கதையை அப்படித் தள்ள முடியாது. நான் இங்கே கேட்டிருக்கிற வடிவத்தைச் சொல்கிறேன்.

தாயைக் கொன்ற பாவம் தீர, பரசுராமர் காட்டுக்குள் ஒரு லிங்கத்தைக் கண்டு பூசை செய்கிறார். பூசைக்கு நாளுக்கு ஒரே ஒரு பூதான் பூக்கும். அதைக் காவல் காக்கச் சித்திரசேனன் என்ற யட்சனை வைக்கிறார். அவன் பிரம்மாவின் பக்தன். தினமும் வேட்டையாடிய ஒரு மிருகமும் ஒரு பானைக் கள்ளும் வேண்டும் என்பது அவன் கூலி. ஒருநாள் பரசுராமர் வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில் அவனே பூவைப் பறித்துப் பூசை செய்துவிட்டான். அப்புறம் சண்டை. பதினான்கு வருடம் உருண்டு புரண்டதில் அந்த இடமே பள்ளமாகிவிட்டது. கடைசியில் சிவன் வந்து இரண்டு பேரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டார். லிங்கத்தில் கீழே இருக்கும் யட்சன் பிரம்மா, நடுவே நிற்பவர் பரசுராமராக வந்த விஷ்ணு, லிங்கம் சிவன்.

இப்போது சிற்பத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஐந்தடி உயரக் கல். முன்பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். இடது தோளில் ஒரு கோடாலி. வலது கையில் ஒரு ஆடு. பின்னங்கால்களைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார், தலை கீழே தொங்குகிறது. இடது கையில் சிறிய பானை. காலுக்கடியில், தோளில் அவரைத் தாங்கிக் குந்தியிருக்கும் குள்ளன். கருவறைத் தரையோ மண்டபத்தைவிடத் தாழ்ந்து பள்ளத்தில் இருக்கிறது. கதையில் இதில் எது விட்டுப்போயிருக்கிறது? கோடாலி இருந்ததால் பரசுராமர். தொங்கும் ஆட்டுக்கும் பானைக்கும் யட்சனின் கூலி. தரை தாழ்ந்திருப்பதற்குப் பதினான்கு வருடச் சண்டை. யார் கட்டிய கதையோ தெரியாது, ஆனால் கட்டியவர் அந்தக் கல்லுக்கு எதிரில் நெடுநேரம் நின்று, அதில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காரணம் தேடியிருக்கிறார். உங்கள் அம்மாவிடம் அந்தச் சிற்பத்தின் கையில் என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள். ஆட்டையும் பானையையும் சட்டென்று சொல்வார் என்று நினைக்கிறேன். 'கி.மு. 2ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தவருக்கு அது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

கைடு காட்டத் தவறியவை இருக்கின்றன, அதை மறுக்கவில்லை. அந்த உருவத்துக்கு இரண்டே கைகள். பூணூல் இல்லை. இடுப்பில் கட்டிய துணி உடம்பு தெரிகிற அளவுக்கு மெல்லியது. பிற்காலக் கோயில்களில் நாம் பார்த்துப் பழகிய நாலு கைச் சிவன் இவரில்லை. முக்கியமாக அந்தக் குள்ளன். நடராஜர் காலடியில் முயலகன் நசுங்கிக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவனும் மிதிபடுகிறவன் என்றே தோன்றும். இல்லை, இவன் சுமக்கிறவன். அர்ச்சகர் கற்பூரத் தட்டைக் கீழிருந்து மெதுவாக மேலே கொண்டுபோவார் பாருங்கள், வெளிச்சம் முதலில் படுவது இவன் மேல்தான். வரிசையில் நிற்கிற எல்லோரும் அந்த நேரத்தில் மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கீழே பாருங்கள்.

வெளியே வந்து கோயிலின் பின்பக்கமும் போயிருக்க வேண்டும். விமானத்தின் முதுகு வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது அதுதான். திருத்தணியில் பல்லவர் காலத்து வீரட்டானேஸ்வரர் கோயிலும் அதே அமைப்பு. அங்கே கூட்டமும் இருக்காது, நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கலாம். எல்லோரும் மலைமேல் முருகனைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டியேறிவிடுவதால் வந்த சௌகரியம்.

சரி, தேர்வு வைத்து எழுதிக் கொடுக்கும் யோசனைக்கு வருகிறேன். எனக்கு உடன்பாடில்லை. அருங்காட்சியகத்தில் அது சரிப்படும். குடிமல்லத்தில் 1973இல் தொல்லியல் துறை அகழ்ந்து பார்த்தபோது லிங்கத்தைச் சுற்றிப் பழைய கல்வேலி கிடைத்தது. இதையெல்லாம் ஒரு பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் நன்றாக எழுதி வைக்கட்டும். ஆனால் ஒரு மனிதரை நிற்க வைத்து அந்தப் பலகையை வாயால் படிக்கச் சொன்னால், கொஞ்ச நாளில் பரசுராமர் கதை அந்த ஊரைவிட்டே போய்விடும். காலக் கணிப்பு புத்தகத்தில் இருக்கும். சிற்பவியல் அறிஞர் டி.ஏ.கோபிநாத ராவ் நூறு வருடத்துக்கு முன்பே இந்த லிங்கத்தை விரிவாக எழுதி வைத்திருக்கிறார், தேடினால் கிடைக்கும். கதையோ சொல்ல ஆள் இருக்கிறவரைக்கும்தான்.

கைடுகள் மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருவது காளஹஸ்தியில். அங்கே சிலர் கைடு வேலையை விட்டுவிட்டுத் தரகு வேலைக்குப் போய்விட்டார்கள். ராகு கேது பூசைக்கு எந்த டிக்கெட், எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதோடு சரி. காற்றுத் தலம் என்பதற்கு அடையாளமாகக் காட்டப்படும், கருவறைக்குள் அசைகிற விளக்கைக்கூட நிதானமாகப் பார்க்க விடுவதில்லை. குறுகலான படியில் ஒருவர் பின் ஒருவராக இறங்கும் பாதாள விநாயகர், பின்னால் இருக்கும் கண்ணப்பர் மலை, எதற்கும் நேரமில்லை. ராஜகோபுரத்தைக் காட்டி "கிருஷ்ணதேவராயர் கட்டினது" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ராயர் 1516இல் எழுப்பிய கோபுரம் 2010 மே மாதம் இடிந்து விழுந்து மண்ணோடு போய், இப்போது நிற்கிறது அதற்குப் பதிலாகக் கட்டி 2017இல் குடமுழுக்கு நடந்த புதுக் கோபுரம். சுற்று வட்டாரமே வாரக்கணக்கில் வேறு எதையும் பேசாத சம்பவம் அது. அதை மறைத்து யாருக்கு என்ன லாபமோ!

அதே ஊரில் இன்னொன்றையும் நீங்கள் பார்த்திருக்கலாம். கலம்காரி வரைகிற வீடுகள். பருத்தித் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீர்தான் கறுப்பு மை. நுனியில் துணி சுற்றிய மூங்கில் குச்சி பேனா. அந்த நீரில் தொட்டுக் கோடு இழுக்கும்போது வெளிறிப்போய்த்தான் விழும். கடுக்காயில் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்து எழும். கோயில் துணிகளில் நடுவில் பெரிதாக ஒரு தெய்வம், சுற்றிலும் கட்டம் கட்டமாக ராமாயணமோ பாரதமோ, அடியில் தெலுங்கில் வரி. கதை சொல்கிறவர் தொங்கவிட்டு ஒவ்வொரு கட்டமாகக் காட்டிக்கொண்டு போவதற்கு ஏற்ற அமைப்பு. படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிற ஆள் இந்த மண்ணுக்குப் புதிதில்லை, அதற்காகச் சொல்கிறேன். அவரிடம் பாணி என்ன, காலம் என்ன என்று நாம் கேட்பதுதான் புதுசு.

நாகலாபுரத்துக்கு நல்ல கைடு தேவை. மேற்கு பார்த்த கோயில். மார்ச் மாதத்தில் மூன்று நாள் மாலை வெயில் உள்ளே போய் முதல் நாள் பாதம், அடுத்த நாள் நாபி, மூன்றாம் நாள் திருமுடி என்று மச்ச அவதாரப் பெருமாள் மேல் விழுகிறது. எங்கே நின்றால் தெரியும், எவ்வளவு நேரத்துக்கு முன்பே போக வேண்டும் என்பதெல்லாம் உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும். சுருட்டப்பள்ளியில் கைடு வேண்டாம். அம்மன் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் சிவனைப் பார்த்தால் ஆலகாலக் கதை தானாகப் புரிந்துவிடும். கூட்டம் நெரியும் பிரதோஷத்தன்று மட்டும் போய்விடாதீர்கள்.

புத்தகத்தைப் படித்துவிட்டுத் தனியாகப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போகலாம், புத்தகம் கிடைத்தால். 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, சத்தியவேடு வட்டாரம் இந்த ஆந்திரப் பக்கம் வந்தது. சுருட்டப்பள்ளியும் நாகலாபுரமும் அதோடு சேர்ந்தவை. தமிழகக் கோயில் என்று எழுதுகிறவர்கள் ஊத்துக்கோட்டையோடு நின்றுவிடுகிறார்கள். தெலுங்கில் எழுதுகிறவர்களுக்குத் திருப்பதி போகிற வழியில் ஒரு நிறுத்தம். நான் இருக்கும் புத்தூருக்கோ எலும்பு முறிந்து கட்டுப் போட வருகிறவர்கள்தான் அதிகம், கோயில் பார்க்க யாரும் வருவதில்லை.

ஆனால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. குடிமல்லம் சுவர்களில் இருக்கும் கல்வெட்டுகள் பெரும்பாலும் தமிழ். 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்திலிருந்து தொடங்கி, பாணர், சோழர் என்று போகின்றன. ஊரின் பழைய பெயர் திருவிப்பிரம்பேடு என்பது அவற்றில்தான் இருக்கிறது. தெலுங்கு மட்டும் தெரிந்த கைடு அந்தச் சுவரைத் தாண்டிப் போய்விடுவார். நீங்கள் நின்று, சோழர் கால எழுத்துகளில் க, ட, ப போன்றவற்றைத் தேடுங்கள். முதல் நாளிலேயே சிலது பிடிபடும். நான் ஒரு முறை அப்படி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த கைடு தன் கூட்டத்தை விட்டுவிட்டு, "என்ன சார் எழுதியிருக்கு?" என்று கேட்டார். விளக்கு எரிக்கக் கொடுத்த தானமாக இருக்கும் என்றேன். அடுத்து வந்த கூட்டத்துக்கு அதையும் சேர்த்துச் சொன்னார், கொஞ்சம் மிளகாய் மசாலாவோடு.

அடுத்த முறை குடிமல்லத்துக்கு மட்டும் போங்கள். சென்னையிலிருந்து திருப்பதி போகும் ரயிலில் ரேணிகுண்டாவில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். நடை சாத்தும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டை ரேணிகுண்டாவிலேயே முடித்துவிடுங்கள். முதல் சுற்றில் அர்ச்சகரோ கைடோ யார் கிடைத்தாலும் கதையைக் குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டு முடித்ததும் "அந்தக் கையில் இருக்கிறது என்ன, அது ஏன் அப்படி?" என்று ஒன்றிரண்டு கேள்வி போடுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் என்றால் கூடுதலாக ஐம்பது ரூபாய் கொடுங்கள். தெரியாதவர் என்றால் நீங்கள் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அம்மாவையும் மறுபடி அழைத்துப் போவதாக இருந்தால், கருவறையில் இறங்குகிற இடத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.