முதலில் தூக்கத்தைப் பாருங்கள் தம்பி

இரவு 2 மணி வரை போன், காரைக்குடிக் கடைக்குத் தினமும் தாமதம், சம்பளத்தில் பிடித்தம், கடன், வீட்டில் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே மனது கஷ்டமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் தொடக்கம் தூக்கம் கெட்டதுதான் என்று எனக்குப் படுகிறது. கடனை இன்றைக்கே தீர்க்க முடியாது, சரி, அது இருக்கட்டும். போனை முகப்பிலேயே சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே வந்து படுங்கள். மாலை 4 மணிக்கு மேல் காபி வேண்டாம்; குடித்த காபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். பழைய வீடு என்கிறீர்களே, எழுந்ததும் வளவு வாசலில், அதாவது நடு முற்றத்து வெளிச்சத்தில், 10 நிமிடம் நில்லுங்கள். உடம்பு அதை வைத்துத்தான் நேரம் கணிக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு. நம் ஊர் ஆச்சிமார் கால் ரூபாய்க்கும் கணக்கு எழுதியவர்கள். அன்றைய செலவை மட்டும் எழுதுங்கள். 2 வாரம் கழித்துச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.