டிப்ரன்சலைத் திறக்காமலே அதன் விகிதத்தை அறிவது எப்படி?

கேள்வி: நிலாவெளியிலிருந்து கந்தளாய்க்கு மீன் கொண்டுசெல்லும் டொல்பின் வான் வைத்திருக்கிறேன். அண்மையில் பாவித்த டிப்ரன்சல் ஒன்றை முழுதாக வாங்கிப் பூட்டினேன். அதன்பின் மீற்றர் 60 காட்டினாலும், முன்பு எடுத்த நேரத்துக்குள் போய்ச்சேர முடிவதில்லை. டீசலும் கூடுதலாகச் செல்கிறது. விகிதம் மாறிவிட்டதா என்பதை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: முடியும். உங்கள் ஐயமும் நியாயமானதே. இவ்வகை வான்களில் வேகமீற்றரின் கேபிள் கியர்பெட்டியின் பின்முனையிலிருந்து வருவதால், அதற்கும் பின்னால், பின் அச்சின் நடுவே இருந்து சுழற்சியை இரு சில்லுகளுக்கும் பிரித்துக்கொடுக்கும் டிப்ரன்சலில் நடந்த மாற்றம் மீற்றருக்குத் தெரியாது. 3.9 விகிதம் இருந்த இடத்தில் 4.3 வந்திருந்தால், மீற்றர் 60 காட்டும்போது வான் உண்மையில் ஏறத்தாழ 54 கிலோமீற்றர் வேகத்திலேயே ஓடும்.

விகிதம் என்பது டிப்ரன்சலின் பெரிய பற்சக்கரமான கிரவுனின் பற்களை, அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனின் பற்களால் வகுத்து வரும் எண். கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் 4.1, அதாவது சில்லுகள் இரண்டும் ஒருமுறை சுற்ற, கியர்பெட்டியிலிருந்து டிப்ரன்சலுக்கு வரும் தண்டான புரொப்பெல்லர் சாஃப்ட் 4.1 முறை சுற்றும். ஆகவே பற்களைப் பார்க்காமல், சுற்றுகளை எண்ணியே விடையைப் பெறலாம்.

வானைச் சமதரையில் நிறுத்தி, முன்சில்லுகளுக்கும் தரையில் நிற்கப்போகும் பின்சில்லுக்கும் இருபுறமும் கட்டை கொடுங்கள். பின்னர் ஒரு பின்சில்லை மட்டும் ஜக்கால் உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான தாங்கி வையுங்கள். கரையோர முற்றங்களில் மணல் ஜக்கை மெல்ல விழுங்கிவிடும் என்பதால், சீமெந்துத் தரையைத் தேடிப்போவதே நல்லது. கியரை நியூட்ரலில் வைத்து ஹாண்ட் பிரேக்கை விடுவியுங்கள். அப்போது வானைப் பிடித்து வைத்திருப்பவை கட்டைகள் மட்டுமே, எனவே ஒருவரும் அடியில் நுழையக்கூடாது. சாஃப்டிலும் ரயரிலும் சோக்குக்கட்டியால் குறியிட்டு, கைத்தொலைபேசியைப் பக்கவாட்டிலிருந்து உள்ளே தள்ளிவைத்துக் காணொளி எடுத்தால் சுற்றுகளைப் பின்னர் நிதானமாக எண்ணலாம்.

பற்களுக்கிடையே சிறு தளர்வு இருக்குமாதலால், சாஃப்ட் அசையத் தொடங்கும்வரை சில்லைத் திருப்பிவிட்டு, அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள். உயர்த்திய சில்லைச் சரியாக 20 முறை சுற்றி, சாஃப்டின் சுற்றுகளை 10ஆல் வகுங்கள். சாஃப்ட் 41 முறை சுற்றியிருந்தால் விகிதம் 4.1.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கிரவுன் பூட்டப்பட்டிருக்கும் டிப்ரன்சலின் உட்கூடு எப்போதும் இரு சில்லுகளின் சராசரி வேகத்திலேயே சுற்றும். ஒன்று அசையாமல் நிற்க மற்றது இரண்டு முறை சுற்றினால்தான் கூடு ஒருமுறை சுற்றுகிறது. அதனாலேயே 20 சுற்றுக்கு 20ஆல் அன்றி 10ஆல் வகுக்கிறோம். 20ஆல் வகுத்து 2.05 என்ற விடையைக் கண்டு, உள்ளே ஏதோ உடைந்துவிட்டதெனப் பயந்து டிப்ரன்சலையே இறக்கியவர்களும் உண்டு. இரு சில்லுகளையும் உயர்த்திக்கொண்டால், ஒன்றைச் சுற்ற மற்றது எதிர்த்திசையில் ஓடி, கணக்கே குழம்பிவிடும். ஒன்று தரையில் நிற்க மற்றது சற்றும் அசைய மறுத்தால், வழுக்கலைத் தடுக்கும் வகை டிப்ரன்சலாக இருக்கலாம். வலிந்து திருப்பாமல் நிறுத்திவிடுங்கள்.

விடையை ஓட்டிச் சரிபார்க்க, சுற்றுமானி உள்ள வாகனத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. ஐந்து கியர் பெட்டிகள் பலவற்றில் நான்காவது கியர் நேரடியானது, அதாவது இயந்திரமும் சாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் காட்டும் 60இல் வான் நிமிடத்துக்கு 1000 மீற்றர் செல்லும். ரயர் ஒரு சுற்றில் 2 மீற்றர் உருண்டால் நிமிடத்துக்கு 500 சுற்று; அந்தக் கியரில் இயந்திரம் 2050 காட்டினால், மீண்டும் 4.1 வரும். ரயர் உருளும் தூரத்தைச் சுமையுடன் தரையில் உருட்டியே அளக்கவேண்டும்.

வண்டியின் தகட்டிலுள்ள அச்சுக் குறியீடு தொழிற்சாலையில் பூட்டியதைச் சொல்லுமேயன்றி, இப்போது உள்ளதைச் சொல்லாது. அதை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். பாரம் ஏற்றுவதே தொழிலானால் பெரிய எண் குறையன்று, இழுவை கூடும். ஆனால் வெறும் வண்டியாகத் திரும்பும் தூரம் அதிகமென்றால், பழைய விகிதத்தையே தேடுவது டீசலுக்கு நல்லது. அப்போதும் முழு டிப்ரன்சலாகவே வாங்குங்கள். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று உராய்த்துச் சோடியாக்கப்பட்டவை. ஒன்றின் கிரவுனை மற்றொன்றின் பினியனுடன் சேர்த்தால், பற்களின் எண்ணிக்கை பொருந்தினாலும் இரைந்து, விரைவில் தேய்ந்துபோகும்.