காய்கறிக்கு சோப்பு வேண்டாம்

திருப்பாதிரிப்புலியூரில் உங்கள் அம்மா கொரோனாவுக்குப் பயந்து கீரை, கத்திரிக்காய் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் ஊறவைக்கிறார், சாப்பிடவே பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். கீரை இடுக்கில் தங்கும் சோப்பு குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரும். பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். கழிவறை கழுவும் ஆசிட்டோ வினிகரோ அதோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவினாலே போதும். பால் பாக்கெட்டின் மேல்பக்கத்துக்கு வேண்டுமானால் சோப்பு போடட்டும், கழுவித் துடைத்தபின் வெட்டட்டும்.

அம்மாவின் பயம் நியாயமானதுதான். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்குத் தொற்று தெரிந்து, நம் கடலூர் மாவட்டத்தில் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. அப்போதிருந்து காய்கறி மேலேயே பலருக்குச் சந்தேகம். ஆனால் அங்கே பரவியது நெரிசலில் ஆளிடமிருந்து ஆளுக்கு. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சந்தைக் கூட்டத்தைத் தவிர்த்து, தெருவில் வரும் தள்ளுவண்டியில் வாங்கட்டும். மாஸ்க் மூக்கையும் மூட வேண்டும். வாங்கி வந்ததும் 20 வினாடி சோப்பு போட்டுக் கைகழுவ வேண்டும். அப்புறம், சானிடைசர் தடவிய ஈரக் கையோடு அடுப்பு பற்றவைக்க விடாதீர்கள்; அது ஆல்கஹால், சட்டென்று தீப்பிடிக்கும்.

ஏற்கெனவே யாருக்காவது வயிற்றுக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். எதில் ஊறவைத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.